கேட்ட ஜோடியை தரமாட்டேன்னு சொன்ன புறாக்கூடு: பெரியபட்டினம் பக்கம் ஒரு ரிவ்யூ

கர்ண புறா, அதாவது பறக்கும்போதே வானத்துல குட்டிக்கரணம் அடிக்கிற புறா, வளக்குறவங்களுக்காகத்தான் இதை எழுதுறேன். பெரியபட்டினம் பக்கத்துல ஒரு பாய் வீட்டு மாடியில இருக்கிற கூட்டுல போன வருஷம் தை மாசம் ரெண்டு ஜோடி வாங்குனேன், வாங்கி ஒன்றரை வருஷம் ஆகப்போகுது, குஞ்சு எடுத்து பறக்கவிட்டு பாத்துட்டேன், அதுக்கப்புறம்தான் எழுதணும்னு இவ்ளோ நாள் வச்சிருந்தேன். ஏன்னா புறா ஜோடிக்கு வாங்குன அன்னைக்கே ரிவ்யூ எழுதுறதுல அர்த்தமே இல்ல, அந்த ஜோடி போட்ட குஞ்சு ஆறேழு மாசம் பறந்து கர்ணம் அடிக்கிறதை பாத்தாத்தான் நாம எதுக்கு காசு குடுத்தோம்னே தெரியும்.

கடைன்னு சொல்ல முடியாது, போர்டு கிடையாது, பேரும் கிடையாது. போன் நம்பர், பேரெல்லாம் போட்றாத தம்பின்னு அவரே சொல்லிட்டாரு, அதனால பாய்னே எழுதுறேன்.

முதல்ல எனக்கு என்ன நடந்துச்சுன்னு சொல்லிர்றேன். என் வீடு ராமேஸ்வரம் தீவுல தங்கச்சிமடம். எங்கப்பா கடலுக்கு போறவரு, நான் ராமேஸ்வரத்துல வேலை பாக்குறேன். சின்ன வயசுல சாதா புறா வளத்தோம், கர்ண புறா ஆசை நாலு வருஷமாத்தான். ஆன்லைன்ல ஒருத்தர் வீடியோ போட்டிருந்தாரு, புறா மேல இருந்து சுத்திக்கிட்டே வருது வருது வந்துக்கிட்டே இருக்கு, கிட்டத்தட்ட மூணு மாடி உயரம் அப்படியே சுத்தி இறங்கிட்டு நின்னுச்சு. அந்த ஆணும், அதே மாதிரி ஆழமா சுத்துற பெட்டையும் சேத்து ஜோடி 6,000 ரூபா. யோசிக்கவே இல்ல, பணம் அனுப்பிட்டேன். பஸ்ல கூடை வந்துச்சு, புறாவும் நல்லாத்தான் இருந்துச்சு, ஏமாத்தலன்னுதான் இப்பவும் சொல்வேன், வீடியோல இருந்த புறாதான் வந்துச்சு.

ரெண்டு ஈட்டுல (ஒரு தடவை போட்டு பொரிக்கிறது ஒரு ஈடு) நாலு குஞ்சு. நாலாவது மாசம் ஒண்ணு சுத்த ஆரம்பிச்சுச்சு, எனக்கு சந்தோஷம் தாங்கல, தெருவுல இருக்கிற பசங்களை எல்லாம் கூப்பிட்டு காட்டுனேன். அஞ்சாவது மாசம் அதே குஞ்சு சுத்த ஆரம்பிச்சு நிக்கவே இல்ல, நேரா வந்து பக்கத்து வீட்டு தண்ணி டேங்க்ல அடிச்சுச்சு. எடுக்கப் போகும்போதே முடிஞ்சு போச்சு. ரெண்டு வாரம் கழிச்சு இன்னொண்ணு தகர கூரைல விழுந்துச்சு, அது சாகல, ஆனா நெஞ்செலும்பு போயிருச்சு, அப்புறம் பறக்கல. மிச்சம் ரெண்டும் மேல போனாலே பயந்து பயந்து வீட்டு மேலயே வந்து உக்காந்துக்கும், பறக்கவே பிடிக்காத மாதிரி. நான் தீனில தப்பு பண்ணிட்டேனோ, மருந்து குடுக்காம விட்டுட்டேனோன்னு ரொம்ப நாள் மனசு கேக்கல. அந்த டேங்க் சத்தம் இன்னும் காதுல இருக்கு.

உச்சிப்புளில இருக்கிற ஒரு அண்ணன்தான் பாயைப் பத்தி சொன்னாரு. "அவர்கிட்ட புறா வாங்கப் போகாத, ஜோடி வாங்கப் போ"ன்னாரு. அப்ப அது எனக்கு புரியல.

ஞாயித்துக்கிழமை காலையில முதல் பஸ் பிடிச்சு பாலம் தாண்டி போனேன். பாய்க்கு அம்பது வயசுக்கு மேல இருக்கும், ரொம்ப வருஷம் துபாய்ல இருந்துட்டு வந்தவரு. போன உடனே டீ குடுத்தாரு, புறாவை காட்டல. கேள்விதான். எங்க பறக்கவிடப் போற, வீட்டுல இருந்து கடல் எவ்ளோ தூரம், ரெண்டு பக்கமும் கடலா, மாடி எத்தனை அடி, சுத்தி கரண்ட் கம்பி, செல் டவர் இருக்கா, ஒரு செட்டுல எத்தனை புறா விடுவ. எனக்கு கொஞ்சம் எரிச்சலா கூட இருந்துச்சு, வந்தது புறா வாங்க, இவரு பொண்ணு கட்டிக் குடுக்கிற மாதிரி விசாரிக்கிறாரேன்னு. இப்ப யோசிச்சா அந்த ஒவ்வொரு கேள்வியும் எனக்கு எந்த ஜோடி சரி வரும்ங்கிறதுக்குத்தான்.

அப்புறம் செட்டை திறந்துவிட்டாரு. பதினாறு புறா. பத்து நிமிஷம் வரைக்கும் ஒண்ணும் பண்ணல, கூட்டமா இறுக்கமா சுத்திக்கிட்டு இருந்துச்சு, அதுக்கப்புறம் ஒரு திருப்பத்துல ஏழெட்டு புறா ஒரே நேரத்துல பிரிஞ்சு சுத்துச்சு பாருங்க, எனக்கு கண்ணு கலங்கிருச்சு, சும்மா சொல்லல. ஒரு புறா நல்லா சுத்துதுன்னா அதை பக்கவாட்டுல பாத்தா நடுவுல ஓட்டை விழுந்த உருண்டை மாதிரி தெரியும், றெக்கை தனியா தெரியாது. றெக்கை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் மாறி மாறி அடிக்கிறது கண்ணுக்கு தெரிஞ்சா அது வேகம் பத்தாத புறா. இதை பாய் சொல்லித்தான் பாக்கக் கத்துக்கிட்டேன். அதுவரைக்கும் நான் எத்தனை அடி இறங்குதுன்னு மட்டும்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்.

அந்த செட்டுல ஒரு கருப்பு ஆண், முப்பது அடிக்கு குறையாம இறங்குது. ஒரு சிவப்பு பெட்டை, அதுவும் அதே ஆழம். நான் உடனே கையை நீட்டிட்டேன், பாய் இந்த ரெண்டையும் ஜோடியா குடுங்க, என்ன விலைன்னாலும் பரவால்லன்னேன்.

"தர மாட்டேன்"னாரு.

விலை ஏத்துறாருன்னு நெனச்சேன். 8,000 வரைக்கும் சொன்னேன். சிரிக்கல, கோவப்படல, "தனித்தனியா வேணும்னா தர்றேன், ஒரே கூண்டுல போடமாட்டேன்னு சொன்னா தர்றேன்"னாரு. அப்புறம் என் பழைய கதையை கேட்டாரு, டேங்க்ல அடிச்ச குஞ்சு கதையை சொன்னேன், சொல்லி முடிச்சதும் அமைதியா இருந்துட்டு "அதேதான் தம்பி, நீ இப்ப கேக்குறதும் அதே ஜோடிதான்"னாரு.

அவரு விளக்கினதை எனக்கு புரிஞ்ச வரைக்கும் சொல்றேன். கர்ணம் அடிக்கிறது ரத்தத்துல வர்ற விஷயம். கர்ண புறாவையும் (வெளிநாட்டுல ரோலர்னு சொல்வாங்க) தெருப் புறாவையும் சேத்தா முதல் தலைமுறை குஞ்சு பெரும்பாலும் சுத்தாது, அந்த குணம் உள்ளுக்குள்ள மறைஞ்சு கிடக்கும். அதே மாதிரி ரொம்ப சூடான ரத்தம், அதாவது சீக்கிரமா சுத்த ஆரம்பிச்சு, அடிக்கடி சுத்தி, ஆழமா இறங்குற புறாவை அதே மாதிரி புறாவோட சேத்தா குஞ்சுகள்ல சிலதுக்கு அந்த சுத்து அதோட கட்டுப்பாட்டுல இருக்காது. புறா தானா நிறுத்தணும்னு நெனச்சாலும் நிக்காது. தரை வந்துரும். வெளிநாட்டு ரோலர் காரங்க இதை ரோல் டவுன்னு சொல்றாங்க, நம்ம ஆளுங்க "விழுறது"ன்னு சொல்லிட்டு விட்டுர்றோம், விதி மாதிரி. அது விதி இல்ல, ஜோடி போட்டவன் பண்ண தப்புன்னு பாய் சொன்னப்ப எனக்கு சுருக்குன்னு இருந்துச்சு. ஆனா ஒரு விதத்துல நிம்மதியாவும் இருந்துச்சு, அடுத்த தடவை திருத்திக்கலாம்ல.

மறுபக்கமும் இருக்கு. குளிர்ந்த ரத்தத்தோட குளிர்ந்த ரத்தத்தை போட்டா ரெண்டு மூணு தலைமுறைல வெறும் பறக்குற புறாதான் மிஞ்சும், எப்பவாவது ஒரு குட்டிக்கரணம். அதனால ஒண்ணு சூடுன்னா இன்னொண்ணு கொஞ்சம் நிதானமா இருக்கணும், ஆனா நிதானம்ங்கிறதுக்காக மட்டமான புறாவை போடக்கூடாது. வேகத்துல மட்டும் ரெண்டுமே நல்லா இருக்கணும். ஆழத்துல வித்தியாசம் இருக்கலாம், வேகத்துல இருக்கக்கூடாது, இதை அவரு ரெண்டு மூணு தடவை அழுத்தி சொன்னாரு.

அந்த கருப்பு ஆணுக்கு அவரு எடுத்துக் குடுத்தது ஒரு சாம்பல் பெட்டை. செட்டுல நான் அதை கவனிக்கவே இல்ல. பத்து பன்னெண்டு அடிதான் இறங்கும். ஆனா சுத்தி முடிச்ச உடனே நேரா கூட்டத்துக்கு ஏறிப்போகும், ஒரு தடவை கூட தனியா அலையாது. "உனக்கு ரெண்டு பக்கமும் கடல்பா, சுத்திட்டு சீக்கிரம் கூட்டத்துல போய் சேராத புறா உனக்கு ஆகாது"ன்னாரு. நம்ம கரையில புறா விடுறவங்களுக்கு இது புரியும். மேற்குல இருந்து கச்சான் காத்து அடிக்கிற மாசத்துல செட்டு ஒரு இழுப்புல கடல் பக்கம் போயிரும், முப்பது அடி இறங்குன புறா திரும்ப ஏறுறதுக்குள்ள கூட்டம் எங்கயோ போயிருக்கும், அது எதிர்காத்துல தனியா மாட்டிக்கும். தண்ணில உக்கார முடியுமா அதால? போன புறா போனதுதான். மதுரைல இருக்கிறவருக்கு இந்த குணம் அவ்ளோ முக்கியமா இல்லாம இருக்கலாம், தங்கச்சிமடத்துல இருக்கிறவனுக்கு இதுதான் முதல்ல. என் வீட்டு காத்துக்கு ஏத்த மாதிரி ஜோடி பாத்து குடுத்த ஆளை நான் அதுக்கு முன்னாடி பாத்ததில்ல.

இனி நோட்டைப் பத்தி சொல்லணும், ஏன்னா இந்த இடத்தோட உண்மையான சரக்கே அந்த நோட்டுதான். நீள பைண்டிங் நோட்டு, அஞ்சாறு இருக்கு. ஒவ்வொரு புறாவுக்கும் கால்ல போடுற ரிங் நம்பர், அப்பா நம்பர், அம்மா நம்பர், எந்த தேதி பொரிச்சுச்சு, எந்த மாசம் முதல் சுத்து, எத்தனை அடி, வேகத்துக்கு ஒரு மார்க், கூட்டத்துல ஒட்டி இருக்குமா, எங்கயாவது இடிச்சுச்சா, கடைசில என்ன ஆச்சு. செத்தது, வல்லூறு தூக்குனது, விழுந்தது எல்லாம் எழுதி வச்சிருக்காரு, மறைக்கல. அந்த சாம்பல் பெட்டையோட கூடப் பொறந்தது ஒன்பது. அதுல ஏழு நல்லா சுத்துனது, ஒண்ணு சுத்தவே இல்ல, ஒண்ணு வல்லூறுக்கு போச்சு, ஒண்ணு கூட விழல. நான் ஆசைப்பட்ட சிவப்பு பெட்டையோட பக்கத்தை திறந்து காட்டுனாரு, கூடப் பொறந்த ஆறுல ரெண்டு விழுந்திருக்கு. "நீ ஒரு புறாவை பாக்குற, நான் அது கூடப் பொறந்த எல்லாத்தையும் பாக்குறேன்"னாரு. ஒரு புறா மட்டும் பிரமாதமா இருந்து அண்ணன் தம்பி எல்லாம் சொதப்பலா இருந்தா, அந்த பிரமாதம் குஞ்சுக்கு வர்றது குறைவு. சாதாரணமா சுத்துற புறாவா இருந்தாலும் குடும்பமே ஒரே மாதிரி சுத்துனா அதை நம்பி ஜோடி போடலாம்.

வயசு விஷயத்துலயும் கறார். ரெண்டு வருஷம் பறந்து முடிக்காத புறாவை ஜோடிக்கு போடுறதில்ல. ஆறு மாசத்துலயே புறா முட்டை போட ரெடி ஆயிரும், அதனால நம்ம ஆளுங்க நல்லா சுத்துற குஞ்சு கிடைச்ச உடனே ஜோடி போட்டு காசாக்கிர்றாங்க. ஆனா முதல் வருஷம் அழகா சுத்துற புறா ரெண்டாவது வருஷம் நிக்காம விழலாம், முதல் வருஷம் சும்மா பறந்தது ரெண்டாவது வருஷம் பிரமாதமாவும் ஆகலாம். ஆறு மாசத்துல ஜோடி போட்டா அது எந்தப் பக்கம் போகும்னு தெரியாமலே பத்து குஞ்சு எடுத்து ஊரெல்லாம் வித்திருப்போம். நான் ஆன்லைன்ல வாங்குனது ரெண்டுமே ஒரு வயசு கூட ஆகாத புறா, அதை அப்பவே என்கிட்ட சொல்லித்தான் வித்தாரு அந்த ஆளு, நான்தான் அதை ஒரு விஷயமா எடுத்துக்கல.

கண்ணு பாத்து ஜோடி போடுறவங்க நெறைய பேர் இருக்காங்க, கண் வளையம், கண்ணு பாப்பா சைஸு, கலர்னு டார்ச் அடிச்சு பாப்பாங்க. பாய் கண்ணுல பாக்குறது அது தெளிவா, ஆரோக்கியமா இருக்கான்னு மட்டும்தான். கையில பிடிச்சு பாப்பாரு, கைக்கு அடக்கமா, சின்னதா, றெக்கை உடம்போட ஒட்டி, நெஞ்செலும்பு நேரா, பின்னாடி இடுப்பெலும்பு இறுக்கமா இருக்கான்னு. ரெண்டுமே நீள உடம்பா இருந்தா சேக்கமாட்டாரு. கலரைப் பத்தி கேட்டா, கலர் சுத்தாது தம்பின்னுட்டாரு.

ஆனா கலரை ஒரு விஷயத்துக்கு பயன்படுத்துறாரு, அது எனக்கு ரொம்ப பிடிச்சுது. நான் வாங்குன ரெண்டாவது ஜோடி சாம்பல் ஆண், ஆஷ் ரெட்னு சொல்ற சிவப்பு கலர் பெட்டை. இந்த சேர்க்கைல பொரிக்கிற குஞ்சுல சிவப்பா வர்றது எல்லாம் ஆண், சாம்பலா வர்றது எல்லாம் பெட்டை. அந்த கலர் ஜீன் ஆண் பெண் நிர்ணயிக்கிற குரோமோசோம்லயே இருக்கு, பெட்டை தன்னோட சிவப்பை மகனுக்கு மட்டும்தான் குடுக்க முடியும், மகளுக்கு அப்பன் கலர்தான். றெக்கை முளைக்கும்போதே ஆணா பெட்டையான்னு தெரிஞ்சுரும். புறால ஆண் பெண் பாக்குறது எவ்ளோ தலைவலின்னு வளக்குறவங்களுக்கு தெரியும், ரெண்டு ஆணை ஜோடின்னு வித்து ஏமாத்துன கதை ஊருக்கு நாலு இருக்கு. மாத்திப் போட்டா, அதாவது ஆண் ஆஷ் ரெட்டா இருந்தா இது வேலை செய்யாது, அதையும் சொல்லித்தான் குடுத்தாரு.

பேச்சுவாக்குல அக்பர் பாதுஷா கதையும் வந்துச்சு. அக்பர் கிட்ட 20,000 புறா இருந்துச்சாம், போற இடத்துக்கெல்லாம் கூடவே கொண்டு போவாங்களாம், அவரு அரசவைல இருந்த அபுல் ஃபசல் ஆயின் இ அக்பரிங்கிற புஸ்தகத்துல எழுதியிருக்காரு. அதுக்கு முன்னாடி யாரும் பண்ணாத மாதிரி ஜாதி மாத்தி சேத்து பாதுஷா புறாவை பிரமாதமா மேம்படுத்துனாருன்னு அதுல இருக்கிறதை டார்வின் 1859ல வந்த அவரு புஸ்தகத்துல எடுத்து போட்டிருக்காரு. நான் வீட்டுக்கு வந்து தேடி பாத்தேன், உண்மைதான். மாடியில நின்னு புறா பாக்குறவனை வேலை வெட்டி இல்லாதவன்னு பேசுற ஊர்ல இதைக் கேக்க நல்லா இருந்துச்சு. பாய்க்கு பர்மிங்காம் ரோலர்ங்கிற வெளிநாட்டு கர்ண புறா பத்தியும் தெரியுது, அங்க போட்டில ஒரு செட்டு 20 புறா வரைக்கும் விடலாம், 20 நிமிஷம் மார்க் போடுவாங்க, குறைஞ்சது 5 புறா ஒரே நேரத்துல சுத்துனாத்தான் அது கணக்கு. தனியா ஒரு ஹீரோ புறாவுக்கு அங்க மார்க்கே கிடையாது. அவரு ஏன் கூட்டத்தோட ஒட்டுற பெட்டையா பாத்து எடுக்குறாருன்னு அப்ப இன்னும் நல்லா விளங்குச்சு.

சரி, சர்வீஸ் எப்படின்னு சொல்றேன். அன்னைக்கே தூக்கிட்டு வர முடியாது. முன்கூட்டியே போய் சொல்லிட்டு வந்தேன், தைல வாங்கிக்கோன்னாரு. அதுவரைக்கும் ஆணையும் பெட்டையையும் நடுவுல கம்பி வலை போட்ட பெட்டில வச்சிருந்தாரு, ஒண்ணை ஒண்ணு பாத்துக்கும் ஆனா சேர முடியாது. ரெண்டு வாரத்துல ஆண் கூவி சுத்திக்கிட்டே இருக்க, பெட்டை வலை பக்கம் வந்து உக்கார ஆரம்பிச்சிருச்சு, அதுக்கப்புறம் வலையை எடுத்தா சண்டையே இல்ல. நான் பழைய ஜோடியை ஒரே கூண்டுல தூக்கிப் போட்டேன், ஆண் பெட்டை தலையை கொத்தி ரத்தம் வர வச்சிருச்சு.

ஏன் தைன்னா அதுக்கும் காரணம் இருக்கு. ஐப்பசி கார்த்திகைல மழை, அப்புறம் குளிர் மாசத்துல வல்லூறு வந்துரும், நம்ம பக்கம் தனுஷ்கோடிக்கு வெளிநாட்டு பறவை வர்ற அதே சீசன்தான். கூட்டத்துல இருந்து பிரிஞ்சு சுத்திக்கிட்டு இறங்குற புறாதான் அதுக்கு சுலபமான இரை, அதாவது நம்மளோட நல்ல புறாவைத்தான் முதல்ல எடுக்கும். அதனால அந்த மாசத்துல நல்லதை எல்லாம் உள்ள அடைச்சு வச்சு, இறகு உதிர்த்து முடிஞ்சு உடம்பு தேறுனதும் தைல ஜோடி போட்டா, குஞ்சு பறக்குறப்ப வல்லூறு சீசன் முடிஞ்சிருக்கும். சேந்து எட்டு பத்து நாள்ல முதல் முட்டை, ஒருநாள் விட்டு ரெண்டாவது, 17, 18 நாள் அடை. ஏழாவது எட்டாவது நாள் ரிங் போட்டுரணும், விட்டா கால் பெருத்துரும். இதெல்லாம் எழுதியே குடுத்துட்டாரு.

தீனி பத்தி கொஞ்சம்தான் சொன்னாரு, கம்பு, சோளம், கோதுமை, குஞ்சு வளக்குறப்ப பச்சைப்பயறும் கடலையும் சேத்துக்கோன்னு. சிப்பி பொடி விஷயம் மட்டும் சொல்லிர்றேன், கரைல கிடக்குற மட்டி சிப்பியை நல்ல தண்ணில அலசி உப்பு போக காயவச்சு இடிச்சு வைங்க, முட்டை போடுற பெட்டைக்கு சுண்ணாம்பு சத்து வேணும். பவளப்பாறை துண்டு பொறுக்கி இடிக்காதீங்க, மன்னார் வளைகுடால அதை எடுக்குறது சட்டப்படி குத்தம், நம்ம கடலுக்கும் கெடுதல்.

விலை, ஜோடி 4,000. பேரம் கிடையாது, நான் ரெண்டு ஜோடிக்கு 7,000 கேட்டேன், முகத்தை கூட திருப்பல. ரெண்டு ஈட்டும் கூ முட்டையா போனா ஆணையோ பெட்டையையோ மாத்தி தருவேன்னு வாய் வார்த்தைதான், ஆனா என்கூட இருக்கிற ஒரு மச்சானுக்கு மாத்தி குடுத்திருக்காரு, அதனால நம்பலாம்.

குறை இல்லாம இல்ல. போன் எடுக்கமாட்டாரு, பத்து தடவை அடிச்சா ஒரு தடவை. பெட்டி வச்சிருக்கிற ரூம் வெளிச்சம் பத்தல, காத்தோட்டமும் குறைவு, இவ்ளோ தெரிஞ்சவரு அதை ஏன் சரி பண்ணலன்னு தெரியல, நேர்லயே சொல்லிட்டேன், ஆமா பண்ணணும்னாரு, அடுத்த தடவை போனப்பவும் அப்படியேதான் இருந்துச்சு. ரெண்டாவது ஜோடி பெட்டை றெக்கைல பேன் இருந்துச்சு, வீட்டுக்கு வந்து விரிச்சு பாத்தப்பதான் தெரிஞ்சுது. அதை பழைய புறாவோட விட்டிருந்தா எல்லாத்துக்கும் பரவியிருக்கும், நல்லவேளை பத்து நாள் தனியா வச்சிருந்தேன். யார்கிட்ட வாங்குனாலும் தனியா வைங்க. அட்டைப்பெட்டில ஓட்டை போட்டுத்தான் குடுப்பாரு, மே மாசத்துல போறவங்க சொந்தமா கூடை கொண்டு போயிருங்க, பஸ்ல அட்டைப்பெட்டி சூடாகி புறா வாயை திறந்துக்கிட்டு மூச்சு வாங்குது. இன்னொண்ணு, புதுசா வளக்க ஆரம்பிக்கிறவங்களுக்கு அவரு குடுக்குறதே இல்ல, ஒரு வருஷம் சாதா புறா வளத்துட்டு வாங்கன்னு அனுப்பிர்றாரு. அதுல எனக்கு உடன்பாடு இல்ல, ஆரம்பத்துலயே நல்ல புறா கிடைச்சாத்தானே ஒருத்தன் நல்லா கத்துக்குவான்.

இப்ப பலன். கருப்பு ஆண், சாம்பல் பெட்டை ஜோடில மூணு ஈடு எடுத்தேன், ஆறு முட்டைல அஞ்சு பொரிச்சுச்சு. ஒண்ணு கொசுக்கடில அம்மை வந்து பதினெட்டாவது நாள் போயிருச்சு, அது என் தப்பு, வலை அடிக்கலாம்னு தள்ளிப் போட்டுக்கிட்டே இருந்தேன். மிச்சம் நாலு. முதல் குஞ்சு அஞ்சாவது மாசம் வெறும் ஒரு கர்ணம், அப்புறம் ரெண்டு, மூணு, எட்டாவது மாசத்துல இருபது அடிக்கு சுத்த ஆரம்பிச்சுச்சு, சுத்தி முடிச்சு அம்மா மாதிரியே நேரா கூட்டத்துக்கு. நாலுல மூணு இப்படி. ஒண்ணு இன்னும் ஒத்தை கர்ணத்துலயே நிக்குது, ரெண்டு வருஷம் பாக்கணும்னு வச்சிருக்கேன். ஒண்ணு கூட விழல. ரெண்டாவது ஜோடி அவ்ளோ பிரமாதம்னு சொல்லமாட்டேன், நாலு குஞ்சுல ஒண்ணு காணாம போச்சு, ரெண்டு வேகம் கம்மியா சுத்துது, ஒரு சிவப்பு ஆண் மட்டும் நல்லா வருது. அந்த ஜோடியை பிரிச்சு வேற மாதிரி போட்டுப் பாக்கணும்.

ஆடி மாசம் கச்சான் ஊதுனப்ப ஒருநாள் தெரியாம செட்டை விட்டுட்டேன், பாக் நீரிணை பக்கமா இழுத்துக்கிட்டு போயிருச்சு, முக்கால் மணி நேரம் கண்ணுக்கே தெரியல, எங்கப்பா மொட்டை மாடில நின்னு கண்ணுக்கு மேல கைய வச்சு பாத்துக்கிட்டே இருந்தாரு. ஒன்பது போனது ஒன்பதும் வந்துச்சு, கூட்டமா. எங்கப்பா இதுவரைக்கும் புறாவைப் பத்தி ஒரு வார்த்தை நல்லதா சொன்னதில்ல, அன்னைக்கு "பரவால்லடா, கரை தெரிஞ்ச புறா"ன்னாரு.

போன மாசம் திரும்ப பாய் வீட்டுக்கு போனேன், அந்த சிவப்பு பெட்டை இன்னும் இருக்கு. என் மூத்த குஞ்சுல ஒரு நிதானமான ஆண் இருக்கு, அதுக்கு அந்த பெட்டையை குடுங்கன்னு கேட்டேன். குஞ்சை கொண்டு போயிருந்தேன், அவரு அதை கையில கூட வாங்கல, நோட்டு எங்கன்னாரு. நான் எழுதி வச்சிருந்த நோட்டை குடுத்தேன், கண்ணாடி போட்டு முழுசா படிச்சாரு, அம்மை வந்து போன குஞ்சு பக்கத்துல ரிங் நம்பர் விட்டுப்போச்சுன்னு காட்டி எழுத வச்சாரு. ரெண்டு வருஷம் முடியட்டும், அடுத்த தைக்கு அடுத்த தை பாக்கலாம்னுட்டாரு.

நான் 5க்கு 4.5 குடுப்பேன், அரை மார்க் அந்த ரூமுக்கும் பேனுக்கும் குறைச்சிருக்கேன். போறதா இருந்தா வெள்ளிக்கிழமை மத்தியானம் வேண்டாம், தொழுகைக்கு போயிருவாரு. செட்டு விடுறது காலைல ஆறரைக்கு, அதை பாக்காம ஜோடி பேசாதீங்க, தூரத்துல இருந்து வர்றவங்க முதல் நாள் ராத்திரியே ராம்நாட்ல தங்கிட்டு விடிய பஸ் ஏறுங்க. உங்க வீட்டு மாடியை நாலு பக்கமும் போட்டோ எடுத்துட்டு போங்க, கேப்பாரு.